ஜீன்ஸ் நிபுணர் துவைத்த ஒரே ஞாயிறு

என் பெயர் சிட்டிபாபு. வயது நாற்பத்தேழு. திருப்பதி காந்தி ரோட்டில் ஒரு துணிக்கடையில் ஜீன்ஸ் பிரிவில் நிற்கிறேன். பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். எங்கள் கடையில் நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் ஜீன்ஸ் விற்றிருப்பேனோ தெரியாது. ஒவ்வொன்றையும் பையில் போட்டுக் கொடுக்கும்போது, அதை எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பேன். போன பிப்ரவரி வரைக்கும் நான் என் கையால் துவைத்த ஜீன்ஸ் எத்தனை என்று கேட்டால், ஒன்றுகூட இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. ஏனென்றால் இது என் மனைவி சுந்தரி டிகிரி முடித்தாளா இல்லையா என்கிற கதை. நடுநடுவே நான் அளவுக்கு அதிகமாக வருவேன். அது என் சுபாவம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை வியாபாரமே ஒரு தினுசு. மலைக்குப் போகிறவர்கள் வேட்டி வாங்குவார்கள், மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஜீன்ஸ் வாங்குவார்கள். தரிசனத்துக்கு வேட்டி கட்ட வேண்டும் என்று ரயிலில் யாரோ சொல்லக் கேட்டு, அரைகுறைத் தூக்கத்தோடு ஓடி வருகிற கூட்டத்தை மாசிலாமணி பார்த்துக்கொள்வான். அவன் வேட்டிப் பிரிவு. மொட்டையும் சந்தனமுமாக, வேண்டுதல் முடிந்த நிம்மதியில் வருகிறவர்கள் என் பக்கம். மொட்டைத் தலையோடு கண்ணாடி முன்னால் நிற்கிறவனுக்கு எந்த ஜீன்ஸும் எடுப்பாகத் தெரியாது. அந்த நேரத்தில் என் வாய்தான் கடைக்குக் கைகொடுக்கும்.

"சார், இத சட்ட துணி மாதிரி நினைக்காதீங்க. அடிக்கடி துவைக்கக் கூடாது. ஆறு வாட்டி போட்டப்பறம் ஒரு வாட்டி. உள்பக்கத்த வெளிய திருப்பிக்கினு, பச்சத் தண்ணியில, கையாலதான் துவைக்கணும். மெஷின்ல போட்டீங்க, போச்சி. பிரஷ் போடக் கூடாது, வெயில்ல போடக் கூடாது. நிழல்ல இடுப்பப் புடிச்சித் தொங்க வுடுங்க. பத்து வருஷம் கழிச்சி இதே கடைக்கி இதே பேண்டோட வருவீங்க."

தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பேன். ஆள் பெங்களூர்க்காரர் என்றால் கன்னடத்திலும் இரண்டு வார்த்தை தூவுவேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். "எவ்வளவு விஷயம் தெரிஞ்சி வச்சிருக்காரு" என்று ஒரு அம்மா தன் மகனிடம் சொன்னதைக் கேட்டு, அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் வலி தெரியவில்லை.

இந்த ஞானமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், பாதி கம்பெனிக்காரர்கள் சொன்னது, பாதி புத்தூர்-திருப்பதி ரயிலில் போய் வரும்போது போனில் பார்த்தது. ஒருமுறை தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், ஜீன்ஸைத் துவைக்கவே வேண்டாம், ஃப்ரீசரில் வைத்தால் வாடை போய்விடும் என்று சொன்னான். எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்ததும் ஐஸ் தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒரு நீல ஜீன்ஸை மடித்துத் திணித்தேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் கமலம்மா, கால் பிசகிய வலிக்கு ஐஸ் கேட்டு வந்தார். சுந்தரி ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். கமலம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதயே குடு, கால்ல கட்டிக்கிறேன்" என்றார். அந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அதில் வேர்வை வாடை போகவில்லை. கூடவே பூண்டு ஊறுகாய் வாடையும் சேர்ந்திருந்தது. மாசிலாமணி நாள் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் பக்கம் வந்து போனான்.

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு தடவை போட்ட பிறகு ஒரு தடவை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன் அல்லவா, அது ஊருக்கு. ஜீன்ஸ் பிரிவில் நிற்பவர்கள் ஜீன்ஸ்தான் போட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். புத்தூர் வெயிலில் ரயிலேறி, ரேணிகுண்டாவில் சிக்னலுக்காக வெந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், மறுநாள் அதே பேண்டைப் போட எனக்கு மனசு வராது. அதனால் ஆறு ஜீன்ஸ், ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை ஆறும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஊறும். துவைப்பது சுந்தரி.

வீட்டில் வாஷிங் மெஷின் இல்லாமல் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய, இரண்டு தொட்டி வைத்த மெஷின் அது. ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் சுற்றிப் பிழியும். அது வந்த அன்றைக்கே கடையிலிருந்து கொண்டுவந்த மார்க்கர் பேனாவால் அதன் மூடியில், "ஜீன்ஸ் போடக் கூடாது" என்று தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதிவைத்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டில் விதிமீறல் நடக்கலாமா?

இப்போது சுந்தரி. அவள் சத்தியவேடு பக்கம், நிலம் நீச்சு உள்ள குடும்பம். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்த கையோடு எனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். புத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஆயம்மாவாக இருக்கிறாள். ஆயம்மா என்றால், குழந்தைகளை வேனிலிருந்து இறக்குவது, மூக்கு துடைப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, டீச்சர் வராத அன்றைக்குப் பாடமும் நடத்துவது. இந்தக் கடைசி வேலையை அவள் நன்றாகச் செய்வதைப் பார்த்து அந்தப் பள்ளிக்கூடத்து மேடம், "டிகிரி சர்ட்டிஃபிகேட் கொண்டு வா சுந்தரி, யூ.கே.ஜி. உனக்குத்தான்" என்று சொன்னார். அன்றைக்குச் சாயந்திரமே தொலைதூரக் கல்வியில் பி.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்கிவந்துவிட்டாள்.

ஆறு வருஷம் ஆயிற்று. தமிழில் யோசித்து, தெலுங்கில் எழுதி, ஒவ்வொரு பேப்பராகத் தாண்டினாள். அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பாள். பருப்பு பொங்கினால் பக்கம் பிசுபிசுக்கும். எல்லாம் முடிந்து வரலாறு மட்டும் நின்றது. முதல் தடவை முப்பத்தொன்று. இரண்டாவது தடவை இருபத்தொன்பது. முப்பத்தைந்து எடுத்தால் போதும். இந்த வருஷமும் போனால் பதிவே காலாவதியாகிவிடும், முதல் வருஷத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை மடித்து வரலாற்றுப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இரண்டு தடவையும் கடைசி இரண்டு கேள்விகளை அவள் எழுதவில்லை. "நேரம் பத்தல" என்றாள். நான் பத்தாவதையே இரண்டு அட்டெம்ப்டில் தாண்டியவன். அப்படிப்பட்டவன் என்ன சொன்னேன் தெரியுமா? "படிச்சது மனசுல நின்னிருந்தா கை தானா ஓடும் சுந்தரி. வேகமா எழுதிப் பழகு." இதைச் சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காலை உடைக்கலாம் போலிருக்கிறது.

இரண்டு தடவையும் பரீட்சை திங்கட்கிழமை. இரண்டு தடவையும் அதற்கு முந்தின நாள், வழக்கம்போல, ஞாயிறு. உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது. அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, சுந்தரி கையிலிருந்து தோசைக்கல் நழுவி விழுந்தது. அதற்கு முந்தின வாரம் டம்ளர். அதற்கும் முந்தி பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கையில் நிற்கவில்லையாம். கட்டைவிரல், பக்கத்து விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகிறது என்றாள்.

புத்தூர்க்காரனுக்குக் கை வலித்தால் வேறு யோசனையே வராது. எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள மெட்ராஸிலிருந்தெல்லாம் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். எங்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. கூட்டிக்கொண்டு போனேன். கட்டுப் போடுகிற பெரியவர் அவள் மணிக்கட்டை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு கல்லு மாதிரி கீது. இது நரம்பு. டாக்டராண்ட போ" என்று அனுப்பிவிட்டார். புத்தூரிலிருந்தே கட்டு இல்லாமல் திரும்பிய முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

திருப்பதியில் ஒரு நரம்பு டாக்டர். சின்ன வயசு அம்மா. சுந்தரியின் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி வைக்கச் சொன்னார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, சுந்தரி முகம் சுருங்கியது. டாக்டர் தெலுங்கில், வீட்டில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சமையல், பாத்திரம், பள்ளிக்கூடம் என்று அடுக்கினாள்.

"பட்டலு?" என்றார் டாக்டர். துணி துவைப்பதைக் கேட்கிறார்.

"மெஷின் இருக்குது மேடம். ஜீன்ஸ் மட்டும் கையில."

"எத்தனை?"

"ஆறு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, பேண்டைப் பார்த்தார். "மெஷின் இருக்கும்போது இதை மட்டும் ஏன் கையால?" என்றார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் மூடிக்கொண்டிருப்பார்கள். நான் நாற்காலி நுனிக்கு வந்து, "மேடம், இத நீங்க சட்ட துணி மாதிரி நினைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். சாயம் எப்படி நூலின் மேல்பரப்பில் மட்டும் நிற்கிறது, மெஷின் சுற்றும்போது எப்படி வெள்ளைக் கோடுகள் விழும், நிழலில் காய வைத்தால் என்ன நன்மை என்று முழுசாகச் சொன்னேன். டாக்டர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் மருந்துச் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னார்:

"சார், உங்க பேண்டு ரொம்ப நல்லா இருக்கு. இவங்க கைதான் நல்லா இல்ல."

மணிக்கட்டுக்குள்ளே போகிற நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கனமான துணியை வாராவாரம் முறுக்கிப் பிழிந்தது காரணங்களில் ஒன்றாம். மணிக்கட்டில் பெல்ட் ஒன்று மாட்டிவிட்டார். ஐந்து வாரம் பிழிவதோ முறுக்குவதோ கூடாது; கேட்காவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன். சுந்தரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அஞ்சு வாரம் கழிச்சி பரீட்சை மேடம். மூணு மணி நேரம் எழுத முடியுமா?"

"கைக்கு ரெஸ்ட் குடுத்தா எழுதலாம்" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது மெதுவாகக் கேட்டேன். "அப்ப பரீட்சையில நேரம் பத்தலன்னியே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது மணி நேரத்துல கையில பேனா கீதா இல்லியானே தெரியாது மாமா. கண்ணால பாத்துப் பாத்து எழுதுவேன். அதுக்குள்ள பெல் அடிச்சிடும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கடையில் மாசிலாமணியிடம், "என் பொண்டாட்டி மாதிரி பொறுமசாலிய நீ பாத்திருக்கவே மாட்ட" என்று கண் கலங்கச் சொன்னேன். அவனும் ஒத்துக்கொண்டான். என்னோடு இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்துகிறவள் பொறுமைசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்றான்.

அந்த ஞாயிறு வந்தது. நானே துவைப்பேன் என்று அறிவித்தேன். அறிவித்ததோடு நிற்காமல், என் விதிகளின்படியே, கையாலேயே துவைப்பேன் என்றும் சொன்னேன். மெஷின் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. மூடியில் எழுதியிருந்ததை நானே நம்பியிருந்தேன் போல.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் வருவது உப்புக்கரித்த போர் தண்ணீர். எவ்வளவு சோப்புத்தூள் போட்டாலும் நுரை வராது, தண்ணீர்தான் கலங்கும். டப்பிலிருந்து முதல் ஜீன்ஸைத் தூக்கினேன். தூக்கினேன் என்று எழுதிவிட்டேன், அது வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தேன். கடையில் ஒரு விரலில் தொங்கவிட்டு "எவ்ளோ லைட்டா கீது பாருங்க சார்" என்று நான் காட்டுகிற அதே பேண்ட், நனைந்த பிறகு என்னை உள்ளே இழுக்கப் பார்த்தது.

பிரஷ் கூடாது என்பது என் விதி. கல்லில் அடிக்கக் கூடாது என்பதும் என் விதி. அதனால் கையால் கசக்கினேன். கால்மடிப்பில் இருந்த ரேணிகுண்டா பிளாட்பாரக் கறை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. விரல் முட்டித் தோல் வழன்றது. பத்து நிமிஷத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு பிழிய வேண்டிய கட்டம். முறுக்கினேன், கொஞ்சம் தண்ணீர் வந்தது. இன்னொரு முறுக்கு, இன்னும் கொஞ்சம். கொடியில் போட்டால் குழாய் திறந்தது போலக் கொட்டியது. இறக்கி மறுபடி முறுக்கினேன்.

மகள் கௌசிகாவைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். இன்டர் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு கையில் போன், ஒரு கையில் பேண்டின் கால். நான் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். அவளுக்கு ஏதோ மெசேஜ் வந்தது. கையை விட்டாள். நான் டப்புக்குள் உட்கார்ந்தேன்.

மாடிச் சுவரிலிருந்து கமலம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா சிட்டி, துவைக்கிறியா குளிக்கிறியா?"

மூன்று ஜீன்ஸ் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. விரலெல்லாம் நீலம். கௌசிகா டீ கொண்டுவந்து கொடுத்தாள், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குரங்கு தேங்காய் பிடிப்பது மாதிரிப் பிடித்துக் குடித்தேன். வாசற்படியில் சுந்தரி பெல்ட் மாட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பார்க்கவில்லை என நினைக்கிறேன்.

"நைனா, மிச்சம் மூணையும் மெஷின்ல போட்டா இன்னா?" என்றாள் கௌசிகா.

"போட்டா கலர் போயிடும்மா. அறிவு வேணாம்?"

அவள் உள்ளே போய்த் தன் கறுப்பு ஜீன்ஸை எடுத்துவந்தாள். அந்தக் கறுப்பு ஜீன்ஸ் எனக்கு நன்றாகத் தெரியும். அதை போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். சந்தேகப்படுகிற வாடிக்கையாளர்களிடம், "என் பொண்ணோட ஜீன்ஸ் சார். மூணு வருஷம் ஆச்சி. கையாலயே துவைச்சது. கலர் பாருங்க" என்று காட்டுவேன். அதைப் பார்த்து வாங்கியவர்கள் கடப்பை வரைக்கும் இருக்கிறார்கள்.

"இது மூணு வருஷமா மெஷின்லதான் போவுது" என்றாள். "நீ கடைக்கிப் போனப்பறம் போட்டுடுவேன். அம்மாவாண்டயும் போடச் சொன்னேன். நைனா கண்டுபுடிச்சிடுவாரும்மாங்குது."

நான் கண்டுபிடித்திருப்பேனாம். மூன்று வருஷமாக மெஷினில் போன ஜீன்ஸின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு எதிராகப் பிரசாரம் செய்தவன்.

மிச்சம் மூன்றையும் மெஷினில் போட்டேன். அது பாட்டுக்குச் சுற்றியது. பிறகு பிழிகிற தொட்டிக்கு மாற்றினேன். ஐந்து நிமிஷம் வீட்டையே ஆட்டிவிட்டு நின்றது. எடுத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம் போல இருந்தது. நான் அந்த மெஷின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷமாக அது அங்கேயேதான் நிற்கிறது. குழாயடியிலிருந்து பத்து எட்டுகூட இருக்காது. என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. கௌசிகாவின் நெயில்பாலிஷ் ரிமூவரை வாங்கி மூடியில் எழுதியதை அழித்தேன். தமிழ் போய்விட்டது. தெலுங்கு கொஞ்சம் நிழலாக நின்றது.

ஆகவே நான் துவைத்தது அந்த ஒரு ஞாயிறு, அதிலும் மூன்றே மூன்று ஜீன்ஸ். மீதி நாலு ஞாயிறும் மெஷின்தான் துவைத்தது. பட்டனை அமுக்கியது நான். இதைக் கடையில் சொன்னபோது கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். நீலம் பாய்ந்த விரல்களை விரித்து மாசிலாமணியிடம் காட்டி, "இனிமே நம்ம வூட்ல நான்தாம்ப்பா துவைக்கிறது" என்றேன். நீலம் நாலைந்து நாளில் போய்விட்டது, பேச்சு போகவில்லை.

பரீட்சைத் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். திருப்பதியில் ஒரு காலேஜ். ஒன்பது மணிக்கு உள்ளே போனாள். கேட்டுக்கு எதிரே கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் நின்றேன். நிற்பது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு முடியவில்லை. பத்தரை ஆயிற்று. இதுதான் அவள் சொன்ன இரண்டாவது மணி நேரம். இப்போது விரல் மரத்திருக்குமா, பேனா நழுவியிருக்குமா என்று என் கட்டைவிரலை நானே நூறு தடவை மடக்கி மடக்கிப் பார்த்தேன். சாமி கும்பிடலாம் என்று மலைப் பக்கம் திரும்பினேன். என்ன கேட்பது? என் பேண்டால் வந்த வினையைத் தீர்த்து வை என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வெளியே வந்தது. எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். பெல்ட்டைக் கழற்றி இடது கையில் வைத்திருந்தாள்.

"ரெண்டு அடிஷனல் ஷீட் வாங்கனேன் மாமா" என்றாள். "கடேசி கேள்வியும் எழுதிட்டேன். பெல் அடிக்கறப்ப அடியில கோடு போட்டுக்கினு இருந்தேன்."

ஓட்டலில் அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் இலையில் சோறு ஆறிப்போனது.

மே மாதக் கடைசியில் ரிசல்ட். கௌசிகா போனில் நம்பரைப் போட்டாள். ஐம்பத்தெட்டு. அவள் இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். சுந்தரி சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்து மேடத்துக்கு போன் செய்தாள். ஜூன் பன்னிரண்டாம் தேதி யூ.கே.ஜி. வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒரு கிலோ மைசூர்பாக் வாங்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். பாஸானது அவள். கொடுத்தவன் நான். ஒவ்வொரு வீட்டிலும், "என் கை பட்ட மார்க்கும்மா இது. அஞ்சு வாரம் நான் துவைச்சதுல வந்தது" என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இப்படி ஒரு புருஷனா என்று இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவது வீட்டிலிருந்து அந்தப் பாராட்டை நானே எடுத்துக்கொடுத்தேன்.

கடைசியாகக் கமலம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று வந்தால், அவர் எங்கள் வீட்டில் சுந்தரியோடுதான் உட்கார்ந்திருந்தார். நல்ல கூட்டம் சேர்ந்ததே என்று நான் ஆரம்பித்தேன்.

"ஒரு வார்த்த என்னாண்ட சொல்லியிருந்தா, ரெண்டு வருஷத்துக்கு முந்தியே எடுத்துத் துவைச்சிருப்பேன் இல்ல? பாவம், மனசுலயே வச்சிக்கினு கஷ்டப்பட்டிச்சி."

சுந்தரி தலை நிமிர்ந்தாள். "சொன்னேனே" என்றாள்.

"எப்ப?"

"மொத வாட்டி ஃபெயிலான வாரம். ஞாயித்துக்கெழம. துணி பாதி பிழிஞ்சிக்கினு இருந்தேன். 'கை மரத்துப் போவுது மாமா, பிழிய முடியல'ன்னு ஒன்னாண்ட வந்து சொன்னேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

"நீ ஒண்ணும் திட்டல. எழுந்துதான் வந்த. 'மணிக்கட்டால முறுக்காத, தோள்லேர்ந்து முறுக்கணும்'னு சொல்லி, ஒரு பேண்ட எடுத்து எப்டி முறுக்கறதுன்னு காட்டின. அப்பால உள்ள போயிட்ட."

"ரெண்டு வாட்டி காட்டினான்" என்றார் கமலம்மா, மைசூர்பாக்கை மென்றுகொண்டே. "நான் மாடியிலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாலும் வரவில்லை. ஆனால் அவள் சொன்னது அப்படியே நான்தான், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஏதாவது ஒரு ஓரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்.

"அப்ப நானும் ஒண்ணு பிழிஞ்சிருக்கேன் இல்ல?"

"இல்ல மாமா" என்றாள் சுந்தரி. கோபமே இல்லாமல், யூ.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "ஈரம் கையில ஒட்டும்னு, கொடியில காஞ்சி கெடந்ததுலேர்ந்து ஒண்ணு எடுத்துக் காட்டின."